மைக்ரோநீடிலிங்: கட்டிலில் அரை மணி, வீட்டில் ஆறு மாதம்

"அக்கா, இன்னும் மூணு வாரத்துல நிச்சயதார்த்தம். ஒரே சிட்டிங்ல பள்ளம் எல்லாம் போயிருமா?"

திருச்சி தில்லைநகரில் ஒரு தோல் மருத்துவரிடம் பதினோரு வருடமாக நர்ஸாக இருக்கிறேன். கல்யாண சீசன் நெருங்கினால் வாரத்துக்கு ஒருவராவது இந்தக் கேள்வியோடு படியேறி வந்துவிடுவார்கள். போகாது. மூன்று வாரத்திலும் போகாது, ஒரு சிட்டிங்கிலும் போகாது. சொன்னதும் முகம் வாடிவிடும். பாவமாகத்தான் இருக்கும்.

பருத் தழும்புப் பள்ளங்களை மேலேற்ற முகத்தில் மெல்லிய ஊசிகளால் நுண்துளை போடுவதுதான் மைக்ரோநீடிலிங். ஊசி உருட்டுவது டாக்டரின் வேலை. மரத்துப்போகக் காத்திருக்கும் நேரத்தைக் கழித்துவிட்டால் அரை மணிகூட ஆகாது. அதற்கு முந்தைய ஒரு மாதமும் பிந்தைய பல மாதங்களும் உங்கள் கையில். முகம் கெட்டுப்போய்த் திரும்பி வந்தவர்களை விசாரித்தால், கதை பெரும்பாலும் வீட்டில்தான் ஆரம்பிக்கும். அதனால் இங்கே ஊசியைவிட வீட்டைப் பற்றித்தான் அதிகம் எழுதியிருக்கிறேன். அதே கட்டிலில் நானும் நான்கு முறை படுத்து எழுந்தவள்.

ஊசி என்ன செய்கிறது

பெரிய பரு ஆறும்போது தோலுக்கு அடியில் கொலாஜன், அதாவது தோலைத் தாங்கும் புரதம், குறைந்துபோகிறது. சில இடங்களில் நார் இறுகி, மேல்தோலைக் கீழே பிடித்து இழுக்கிறது. மேலே எத்தனை க்ரீம் பூசினாலும் அந்தப் பள்ளம் நிரம்பாது. மெல்லிய ஊசிகளால் அந்த ஆழம் வரைக்கும் நுண்துளைகள் போட்டால், அடிபட்டுவிட்டது என்று உடம்பு ஆற்ற ஆரம்பிக்கும். முதலில் மூன்றாம் வகைக் கொலாஜன் உருவாகிறது. கட்டடத்துக்குச் சாரம் கட்டுவது மாதிரி அது தற்காலிகம். பிறகு மாதக்கணக்கில் மெல்ல மெல்ல உறுதியான முதல் வகையாக மாறுகிறது. மூன்று வாரத்தில் சாரம்கூட முழுதாக ஏறியிருக்காது.

இந்த வைத்தியத்தின் ஒரு வேர் பச்சை குத்துவதில் இருக்கிறது. கனடாவின் மான்ட்ரியலில் காமிராண்ட், டூசே என்ற இரண்டு பேர், வெளுத்துப்போன தழும்புகளை மறைக்கத் தோல் நிற மையைப் பச்சை குத்தும் கருவியால் ஏற்றிவந்தார்கள். ஒன்றிரண்டு வருடத்தில் மை போய்விட்டது, தழும்போ முன்னைவிட நன்றாக இருந்தது. அப்படியானால் வேலை செய்தது ஊசிதான் என்று மை இல்லாமலே குத்திப் பார்த்து 1997-ல் எழுதினார்கள். அதே காலத்தில் தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனில் டெஸ்மண்ட் ஃபெர்னாண்டஸ் என்ற பிளாஸ்டிக் சர்ஜன் ஊசிகள் பதித்த உருளையைக் கொண்டுவந்தார். இதைப் படித்ததும் முழங்கை வரை பச்சை குத்தியிருந்த என் பாட்டி நினைவுக்கு வந்தாள். அவள் கையை இன்னும் கவனமாகப் பார்த்திருக்கலாம்.

இன்று கிளினிக்குகளில் இரண்டு வகை உண்டு. ஒன்று டெர்மா ரோலர். சின்ன உருளையில் பொதுவாக 192 ஊசிகள் இருக்கும், பெயிண்ட் ரோலர் மாதிரி உருட்டுவது. இன்னொன்று டெர்மா பென். அதில் ஊசிகள் தையல் மெஷின் ஊசி போல மேலும் கீழும் போய்வரும், ஆழத்தை இடத்துக்கு ஏற்ற மாதிரி மாற்றிக்கொள்ளலாம். மூக்கோரம், உதட்டுக்கு மேல் போன்ற சந்துபொந்துகளுக்குப் பென் வசதி. கன்னத்துக்கு எதுவானாலும் சரி. இரண்டிலுமே மேல்தோல் உரிவதில்லை என்பதால், நம் மாதிரி மாநிறம், கருப்பு நிறத் தோலில் கருமை படிகிற அபாயம் லேசரைவிடக் குறைவு. குறைவுதான், அறவே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள்.

முதலில் ஜன்னல் ஓரம் நில்லுங்கள்

காலை வெளிச்சத்தில், ஜன்னலுக்குப் பக்கவாட்டாக நின்று முகத்தைப் பாருங்கள். நேர் வெளிச்சத்தில் பள்ளம் தெரியாது. பிறகு இரண்டு விரலால் கன்னத்தை லேசாக இழுத்துப் பிடியுங்கள்.

இழுத்ததும் பள்ளம் மறைகிறதா? அது அலை அலையான, ஆழம் குறைந்த தழும்பு. மைக்ரோநீடிலிங்குக்கு நன்றாகக் கேட்கும். இழுத்தும் குண்டூசி குத்தின ஓட்டை மாதிரி அப்படியே நிற்கிறதா? அது 'ஐஸ் பிக்' வகை. ரோலர் அங்கே பெரிதாக ஒன்றும் செய்யாது. டி.சி.ஏ. என்ற அமிலத்தை அந்த ஓட்டைக்குள் மட்டும் தொட்டு வைக்கும் முறைதான் அதற்கு. அடியில் நார் பிடித்து இழுக்கும் பள்ளத்துக்கு, ஊசியை உள்ளே விட்டு நாரை அறுத்துவிடும் 'சப்சிஷன்' முதலில் வேண்டியிருக்கும். ஒரே கன்னத்தில் மூன்று வகையும் கலந்திருப்பது சாதாரணம். எல்லாவற்றுக்கும் ரோலர் போதும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்தை விட்டு எழுந்து வந்துவிடுங்கள்.

விரலால் தடவிப் பாருங்கள். பள்ளமே தட்டுப்படாமல் கருப்புப் புள்ளி மட்டும்தான் இருக்கிறதா? அது தழும்பே இல்லை, பரு விட்டுப்போன கறை. பருவைக் கிள்ளாமல், தினமும் ஒழுங்காகச் சன்ஸ்கிரீன் போட்டாலே பெரும்பாலும் சில மாதங்களில் மங்கிவிடும். இதற்காக ஊசிக்குப் பணம் கட்ட வந்த எத்தனையோ பேரை எங்கள் டாக்டர் திருப்பி அனுப்பியிருக்கிறார். வருமானம் போச்சே என்று வரவேற்பறைப் பெண் முனகுவாள்.

ப்ளஸ் டூ படிக்கும் பிள்ளைகளைக் கூட்டிவரும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. அமெரிக்காவின் மருந்து, மருத்துவக் கருவிக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2018-ல் முதல்முறையாக ஒரு மைக்ரோநீடிலிங் பேனாவுக்கு அனுமதி தந்தபோது, 22 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களின் பருத் தழும்புக்கு என்றுதான் தந்தது. பரு இன்னும் வந்துகொண்டிருக்கும் முகத்தில் தழும்பைச் சரிசெய்வது, குழாயை மூடாமல் தரையைத் துடைப்பது. முதலில் பருவை அடக்குங்கள்.

டாக்டரிடம் மறைக்கக் கூடாதவை

உதட்டோரம் அடிக்கடி கொப்புளம் வரும் என்றால் சொல்லுங்கள். அக்கி வகை வைரஸ், ஊசி பட்டால் முகம் முழுக்கப் பரவலாம். முன்கூட்டியே மாத்திரை கொடுப்பார்கள். முகத்தில் சின்னச் சின்ன மரு இருந்தாலும் அதே கதை, ரோலர் போன தடமெல்லாம் மரு முளைக்கும். காது குத்தின இடத்திலோ தடுப்பூசி போட்ட தோளிலோ தழும்பு தடித்து வளர்ந்திருந்தால், அந்தக் கீலாய்டு உடம்புவாகு முகத்திலும் வேலையைக் காட்டக்கூடும். சொரியாசிஸ், எக்ஸிமா, கட்டுப்படாத சர்க்கரை, கர்ப்பம், எல்லாவற்றையும் சொல்லிவிடுங்கள். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் அதைத் தாங்களாகவே நிறுத்தக் கூடாது. மாத்திரை எழுதிக்கொடுத்த டாக்டரைக் கேட்டுவிட்டு வாருங்கள்.

பருவுக்கு ஐசோட்ரெடினாயின் சாப்பிட்டவர்களை முன்பெல்லாம் நிறுத்தி ஆறு மாதம் காத்திருக்கச் சொல்வார்கள். இப்போது பல டாக்டர்கள் அவ்வளவு கறாராக இல்லை. எப்படியானாலும் முடிவு அவர்களுடையது, நீங்கள் உண்மையைச் சொன்னால் போதும்.

எங்கள் ஊரில் மிக அதிகமாக மறைக்கப்படுவது மெடிக்கல் ஷாப் க்ரீம்தான். "முகம் வெளுக்க ஒரு ட்யூப் குடுங்க" என்று கேட்டு வாங்கி, ஸ்டீராய்டு கலந்தது என்று தெரியாமல் வருடக்கணக்கில் பூசியிருப்பார்கள். தோல் மெலிந்து, நரம்பு தெரிந்து, வெயில் பட்டாலே எரியும். அந்த முகத்தில் ஊசி வைக்க முடியாது. பெயர் தெரியாவிட்டால் ட்யூபையே எடுத்துக்கொண்டு வாருங்கள். யாரும் திட்ட மாட்டார்கள்.

சிட்டிங்குக்கு ஒரு மாதம் முன்பிருந்தே காலையில் சன்ஸ்கிரீன், எஸ்.பி.எஃப். 30 அல்லது அதற்கு மேல், ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுக்கும் அளவு. ஒரு வாரம் முன்பு முகத்தில் த்ரெட்டிங், பிளீச், ஃபேஷியல் எல்லாம் நிறுத்துங்கள். இரவு பூசும் ரெட்டினால் க்ரீமையும் எப்போது நிறுத்துவது என்று கேட்டுவைத்துக்கொள்ளுங்கள். ஆண்கள் முந்தைய நாளே ஷேவ் செய்துவிடுவது நல்லது.

அன்றைக்கு

மரப்பு க்ரீமைக் கிளினிக்கிலேயே போட்டுக்கொள்ளுங்கள். லிக்னோகெயின், பிரிலோகெயின் இரண்டும் தலா 2.5 சதவீதம் கலந்த க்ரீம் அது. முகத்தில் கெட்டியாகப் போட்டு 45 நிமிடத்திலிருந்து ஒரு மணி நேரம் விட வேண்டும். நேரத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று வீட்டிலேயே முகம், கழுத்து என்று அப்பி, பிளாஸ்டிக் தாள் சுற்றிக்கொண்டு ஒரு தம்பி பஸ்ஸில் வந்து இறங்கினான். நாங்கள் பதறிவிட்டோம். அளவுக்கு மீறி உள்ளே போனால் படபடப்பு, தலைசுற்றல், அதற்கு மேலும் போகலாம்.

க்ரீமைத் துடைத்து, முகத்தைக் கிருமிநாசினியால் சுத்தம் செய்வோம். இப்போது நீங்கள் செய்ய வேண்டியது ஒன்றே ஒன்று. "ரோலர் பாக்கெட்டை என் முன்னாடி பிரிங்க சிஸ்டர்" என்று வாய் திறந்து கேளுங்கள். சீல் உடையாத பை, காலாவதித் தேதி, இரண்டையும் பாருங்கள். சில இடங்களில் ரோலரைக் கழுவி மருந்தில் ஊறவைத்து, போன முறை உங்களுக்குப் போட்டதுதான், எடுத்து வைத்திருக்கிறோம் என்பார்கள். வேண்டாம். ஊசி முனை மழுங்கியிருக்கும், குத்துவதற்குப் பதில் கிழிக்கும். அது உங்களுடையதுதானா என்பதற்கும் சாட்சி இல்லை. உங்கள் ரத்தத்தையே எடுத்துச் சுழற்றிப் பிளாஸ்மாவைப் பூசும் பி.ஆர்.பி. செய்வதாக இருந்தால், குழாயில் உங்கள் பெயர் எழுதுவதைக் கண்ணால் பாருங்கள். அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உரிமம் இல்லாத ஒரு ஸ்பாவில் இதே சிகிச்சை செய்துகொண்ட பெண்களுக்கு எச்.ஐ.வி. வந்தது. 2018-ல் அந்த இடம் மூடப்பட்டது, 2024-ல் அந்நாட்டு நோய்த் தடுப்பு மையம் விவரமாக அறிக்கை வெளியிட்டது.

வலி? மரத்த முகத்தில் கன்னம் ஒன்றும் செய்யாது, யாரோ மணலைத் தேய்ப்பது மாதிரி. நெற்றிதான் மோசம். எலும்பு பக்கத்திலேயே இருப்பதால் மண்டைக்குள் கரகரவென்று கேட்கும். மேலுதட்டில் எனக்குக் கண்ணீரே வந்தது, அது அழுகை இல்லை, தானாக வழிந்தது. டாக்டர் ஒரு கையால் தோலை இழுத்துப் பிடித்து, நீளவாக்கில், குறுக்கே, இரண்டு மூலைவாட்டிலும் என்று உருட்டுவார். பருத் தழும்புக்குக் கன்னத்தில் பெரும்பாலும் 1.5 மி.மீ., சில சமயம் 2 மி.மீ. வரை. நெற்றி, நெற்றிப்பொட்டு, கண்ணோரம் வரும்போது ஆழத்தைக் குறைத்துவிட வேண்டும். எலும்பு துருத்தி நிற்கும் இடங்களில் அழுத்தி உருட்டினால் தண்டவாளம் போட்ட மாதிரி கோடு கோடாகத் தழும்பு விழுந்துவிடும். குண்டூசி முனையளவு ரத்தப் பொட்டுகள் சீராகத் தெரிந்ததும் நிறுத்திவிடுவார்கள். அதிக ரத்தம் வந்தால் அதிகப் பலன் என்று கணக்கில்லை. சலைனில் நனைத்த காஸ் துணியை வைத்து ஒற்றி எடுப்போம், அவ்வளவுதான்.

ஊசி முனையில் ரேடியோ அலையால் சூடும் வைக்கும் ஆர்.எஃப். வகை வேறு சங்கதி. தீக்காயம், முகத்தில் கொழுப்பு கரைந்து குழி விழுவது போன்ற புகார்கள் வந்திருப்பதாக 2025 அக்டோபரில் எஃப்.டி.ஏ. எச்சரித்தது. அதைச் செய்வதென்றால் நல்ல அனுபவமுள்ள மருத்துவரிடம் மட்டும்.

முதல் ஏழு நாள்

அன்று மாலை முகம் கத்திரி வெயிலில் சமயபுரம் வரை நடந்துபோன மாதிரி சிவந்து, காந்தும். மறுநாள் லேசான வீக்கம். இரண்டு மூன்று நாளில் சிவப்பு இறங்கி, தோல் உப்புத்தாள் மாதிரி சொரசொரப்பாகும். மூன்றிலிருந்து ஐந்தாம் நாளுக்குள் மெல்லிய பொருக்கு உதிரும். அதை உரிக்காதீர்கள். ஏழாம் நாள் பெரும்பாலும் பழையபடி ஆகிவிடும்.

கிளினிக்கிலிருந்து திரும்பும்போது ஸ்கூட்டியை நீங்களே ஓட்டாதீர்கள். ஹெல்மெட்டின் உள்மெத்தை கன்னத்தில் உரசும், அதில் என்றைக்கோ படிந்த வியர்வையும் இருக்கும். துப்பட்டாவால் முகத்தை இறுக்கிக் கட்டுவதும் வேண்டாம். ஆட்டோவில் போங்கள். வீட்டுக்கு வந்ததும் தலையணை உறையை மாற்றுங்கள். அன்று இரவு டாக்டர் தந்ததைத் தவிர எதுவும் முகத்தில் படக் கூடாது. மறுநாள் காலை ஆறவைத்த சுத்தமான தண்ணீரில் கழுவி, வாசனை இல்லாத மாய்ஸ்சரைசர், டாக்டர் சொன்ன சன்ஸ்கிரீன். எரிச்சல் இருந்தால் பாராசிட்டமால் போதும். டைக்ளோஃபெனாக், ஐபுப்ரொஃபென் போன்றவை வேண்டாம். அந்த அழற்சியை நம்பித்தான் காசு கட்டியிருக்கிறோம், அதையே மாத்திரை போட்டு அணைப்பானேன்?

இரண்டு நாள் அடுப்படியை யாரிடமாவது ஒப்படையுங்கள். தோசைக்கல் அனலும் தாளிக்கும் எண்ணெயும் அந்த முகத்துக்கு ஆகாது. முதல் சிட்டிங்குக்குப் பிறகு என் வீட்டுக்காரர் இரண்டு நாளும் உப்புமாவே கிண்டினார். இரண்டாவது சிட்டிங்கிலிருந்து வெள்ளிக்கிழமை சாயங்காலமாகப் பார்த்து வைத்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விட்டேன்.

அம்மா வீட்டில் வேறு ஆபத்து. "கொஞ்சம் மஞ்சள் குழைச்சுப் போடேன், எவ்வளவு காயத்துக்குப் போட்டிருக்கோம்." மஞ்சள் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் துளை போட்ட தோலில் எதைப் பூசினாலும் அது நேராக உள்ளே போய்விடும். கடை மஞ்சளில் என்ன கலந்திருக்கிறதோ. கொல்லைக் கற்றாழை, தயிர், எலுமிச்சை, கடலை மாவு எதுவும் ஒரு வாரத்துக்கு வேண்டாம். விலை உயர்ந்த விட்டமின் சி சீரத்துக்கும் இதே சட்டம்தான். மேலே பூசுவதற்கென்று செய்த சீரத்தை ஊசி போட்டவுடன் உள்ளே இறக்கியதால் முகமெல்லாம் கட்டி கட்டியாக வந்தவர்களைப் பற்றி 2014-லேயே மருத்துவ இதழில் எழுதியிருக்கிறார்கள். கல்யாண நலங்கும் சிட்டிங்கும் ஒரே வாரத்தில் வராமல் தேதி குறியுங்கள்.

அப்புறம், எங்கள் ஊருக்கே உரிய ஒன்று. ஆடிப்பெருக்குக்கு இரண்டு நாள் முன்பு சிட்டிங் முடித்த ஒரு பெண், அம்மா மண்டபத்தில் காவிரியில் மூன்று முழுக்குப் போட்டுவிட்டு வந்தாள். நாலாம் நாள் கன்னம் முழுக்கச் சீழ்க் கொப்புளம். "காவேரித் தண்ணிக்கா!" என்றாள், நான் ஏதோ தெய்வ குற்றம் சொன்ன மாதிரி. ஒரு வாரம் ஆற்றிலும் குளத்திலும் நீச்சல் குளத்திலும் இறங்க வேண்டாம். ஜிம்முக்கும் குறைந்தது இரண்டு நாள் லீவு.

சிவப்பு குறையாமல் நாளுக்கு நாள் கூடினாலோ, சீழ், காய்ச்சல், கொத்துக் கொத்தாக நீர்க்கொப்புளம் எது வந்தாலும் அன்றைக்கே டாக்டரைக் கூப்பிடுங்கள். அடுத்த சிட்டிங்கில் காட்டிக்கொள்ளலாம் என்று விட்டால் புதுத் தழும்புதான் மிச்சம்.

வீட்டு ரோலர்

என் தம்பி தாடி வளர ஆன்லைனில் 1.5 மி.மீ. ரோலர் வாங்கினான். அக்கா தோல் டாக்டரிடம் வேலை பார்க்கிறாள் என்பது வாங்கும்போது நினைவுக்கு வரவில்லை. பழுத்த பரு இருந்த கன்னத்தில் உருட்டி, கிருமியை முகம் முழுக்க விதைத்துக்கொண்ட பிறகுதான் வந்தது. அந்த ரோலரை வாங்கி லென்ஸ் வைத்துப் பார்த்தேன். தனித்தனி ஊசியே இல்லை. பல் வெட்டிய தகட்டு வட்டங்களை வரிசையாகக் கோத்திருந்தார்கள். அது குத்தாது, கீறும்.

வழுக்கைக்கு, தலையில் பூசும் மினாக்சிடில் மருந்தோடு 1.5 மி.மீ. ரோலர் சேர்த்தால் பலன் கூடுகிறது என்று 2013-ல் மும்பை மருத்துவர்கள் நூறு ஆண்களிடம் செய்த ஆய்வு நிஜம்தான். அது மருத்துவர் கண்காணிப்பில் நடந்தது. வீட்டுக்கு என்று விற்கும் 0.25 மி.மீ. ரோலர் பள்ளத்தின் அடிவரை போகவே போகாது, பூசும் க்ரீமைக் கொஞ்சம் கூடுதலாக உறிஞ்சவைக்கும். அந்த அளவு பலனுக்கு அந்த அளவு ரிஸ்க் தேவையா என்று கேட்டால் என் பதில் தேவையில்லை என்பதுதான்.

தேதிக் கணக்கு

ஒரு சிட்டிங்குக்கும் அடுத்ததற்கும் நடுவே நான்கிலிருந்து ஆறு வாரம் விட வேண்டும். பருத் தழும்புக்கு மூன்று நான்கு சிட்டிங்காவது ஆகும், ஆழமான முகத்துக்கு அதற்கு மேலும். கடைசி சிட்டிங் முடிந்த பிறகும் மூன்றிலிருந்து ஆறு மாதம் வரை தோல் தானாகத் தேறிக்கொண்டே வரும். ஆகவே தை மாதம் முகூர்த்தம் என்றால் ஆடிக்குள் முதல் சிட்டிங், கடைசியை முகூர்த்தத்துக்கு ஒரு மாதம் முன்பே முடித்துவிடுங்கள். பணம் பேசும்போது ரோலரின் விலையும் சேர்த்தா, தனியா என்று முதலிலேயே கேளுங்கள். பில்லில் பிறகு சண்டை வருவது இதில்தான்.

தினமும் கண்ணாடி பார்த்தால் ஒன்றும் புரியாது. மாதம் ஒரு நாள், அதே ஜன்னல், அதே காலை நேரம், அதே பக்கவாட்டில், போனில் ஒரு படம். ஃபில்டர் போடாமல். என் முதல் படத்தையும் கடைசி சிட்டிங் முடிந்து ஐந்தாம் மாதம் எடுத்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். இடது கன்னத்தின் அலைப் பள்ளம் நன்றாகவே ஏறிவிட்டது, மூக்கோரத்தில் பெட்டி மாதிரி செங்குத்தாக இறங்கிய பள்ளங்களின் விளிம்பு மழுங்கியிருக்கிறது. வலது கன்னத்தில் இரண்டு குண்டூசி ஓட்டைகள் அன்று போலவே இருக்கின்றன. அதற்கு டி.சி.ஏ. வைத்துவிடலாம் என்று டாக்டர் சொன்னார். ஐப்பசி மழையில் வெயில் இருக்காது, அந்த மாதம் ஒரு வெள்ளிக்கிழமையை எழுதி வைத்திருக்கிறேன்.